பூஞ்சைத் தொற்றும் இரத்தப் புரதங்களும்: நோயாளிகளுக்கும் பராமரிப்போருக்கும் ஒரு விளக்கம்

போடிநாயக்கனூரிலிருந்து ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்வோர், நாள்தோறும் எண்ணற்ற பூஞ்சை வித்துகளைச் சுவாசிக்கின்றனர். அடர்ந்த நிழல், ஓயாத ஈரம், மட்கும் இலைச்சருகு ஆகிய ஏலச்செடிக்கு உகந்த சூழலே பூஞ்சைகளுக்கும் உகந்தது. காய் எடுக்கும்போது கையிலும் காலிலும் படும் மண்ணிலும், உலர்த்தும் அறையில் எழும் தூசியிலும் அவை உள்ளன. ஆயினும் இம்மலைச்சரிவில் வேலை செய்வோரில் மிகப் பெரும்பாலோருக்குக் கடுமையான பூஞ்சை நோய் வருவதில்லை. தோல் என்னும் தடுப்புச் சுவரும், வெள்ளணுக்களும், இரத்தத்தில் கரைந்துள்ள சில புரதங்களும் இணைந்து இந்தப் பாதுகாப்பை அளிக்கின்றன.

வெள்ளணுக்களைப் பற்றிப் பலரும் அறிந்துள்ளனர். புரதங்களின் பங்கு அந்த அளவுக்கு அறியப்படவில்லை. ஆனால் நீங்கள் கையில் வைத்திருக்கும் பரிசோதனை அறிக்கையில் ஆல்புமின், சிஆர்பி, ஃபெரிட்டின், ஐஜிஇ என்று அச்சிடப்பட்டுள்ள பெயர்கள் பெரும்பாலும் இப்புரதங்களையே குறிக்கின்றன. அவை எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்பதை அறிந்திருந்தால் தேவையற்ற அச்சமும் தேவையற்ற செலவும் குறையும். சில வேளைகளில் கண்ணும் உயிரும் காப்பாற்றப்படும்.

இரத்த நீர்மத்தில் உள்ளவை

இரத்தத்திலிருந்து அணுக்களை நீக்கினால் எஞ்சுவது வெளிர்மஞ்சள் நிற நீர்மம். இதனைப் பிளாஸ்மா என்கிறோம். இதில் ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 6 முதல் 8 கிராம் வரை புரதம் உள்ளது. அதில் பாதிக்கு மேல் ஆல்புமின். ஆல்புமினையும், இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரினையும், நோய்க்கிருமிகளை அடையாளமிடும் நிரப்புப் புரதங்கள் எனப்படும் தொகுதியில் பெரும்பகுதியையும் கல்லீரல் உற்பத்தி செய்கிறது. எதிர்ப்பொருள்களை மட்டும் வெள்ளணு வகையைச் சேர்ந்த அணுக்கள் உருவாக்குகின்றன. கல்லீரல் நோய் முற்றியவர்களுக்குக் கிருமித் தொற்றுகள் எளிதில் ஏற்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

படர்தாமரை ஏன் உள்ளே இறங்குவதில்லை?

மழைக்கால மாதங்களில் வெளிநோயாளர் பிரிவுக்கு மிகுதியாக வரும் பூஞ்சை நோய் படர்தாமரைதான். இடுப்பிலும் தொடையிடுக்கிலும் வட்டமாகப் படரும் இந்நோய் பல மாதங்கள் தொல்லை தந்தாலும், உடல்நலம் குன்றாதவரின் ஈரலையோ நுரையீரலையோ தாக்குவதில்லை. தோலின் மேற்பரப்பில் உள்ள உயிரற்ற செதிலடுக்கில் மட்டுமே அது வாழ்கிறது. நோயாளிகள் இதனை இயல்பானதாகக் கருதலாம். ஆனால் பக்கவாட்டில் அத்தனை எளிதாகப் பரவும் ஒரு பூஞ்சை, ஒரு மில்லிமீட்டர் ஆழம்கூட இறங்க முடியாமல் நிற்பதற்குக் காரணம் வேண்டும்.

அக்காரணங்களுள் முக்கியமானது டிரான்ஸ்ஃபெரின். பூஞ்சைகள் வளர இரும்புச்சத்து இன்றியமையாதது. நம் இரத்தத்தில் இரும்பு தனியாக மிதப்பதில்லை. டிரான்ஸ்ஃபெரின் அதனை இறுகப் பற்றியே எடுத்துச் செல்கிறது. ஒரு டிரான்ஸ்ஃபெரின் மூலக்கூறு இரண்டு இரும்பு அயனிகளைப் பற்ற வல்லது. நலமுள்ளவரிடம் அவ்விடங்களில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே நிரம்பியிருக்கும். எஞ்சியவை காலியாக இருக்கும். எனவே எங்கேனும் சிறிது இரும்பு விடுபட்டாலும் அது உடனே பற்றிக்கொள்ளப்படும். உயிருள்ள தோலடுக்குகளில் ஊறும் இரத்த நீர்மத்தில் இப்புரதம் இருப்பதால், அங்கு இறங்க முயலும் பூஞ்சைக்கு இரும்பு கிடைப்பதில்லை. மேலடுக்கில் இரத்தம் இல்லை. ஆகவே அங்கு அது தங்கிவிடுகிறது.

படர்தாமரைக்கு மருந்துக்கடையில் தாமாகவே வாங்கிப் பூசப்படும் களிம்புகளில் பல, ஸ்டீராய்டு கலந்தவை. பூசிய இரண்டாம் நாளே அரிப்பு அடங்குவதால் 'நல்ல மருந்து' என்ற பெயர் அவற்றுக்குக் கிடைக்கிறது. உண்மையில் அடங்கியது உடலின் எதிர்ப்பு, பூஞ்சை அன்று. சில வாரங்களில் அது முன்னிலும் அகலமாகப் படர்ந்து, மருந்துக்கு எளிதில் கட்டுப்படாத நிலையை அடைகிறது. தோலில் பூசும் ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என 2018ஆம் ஆண்டு மத்திய அரசு விதித்திருந்தும் இப்பழக்கம் தொடர்கிறது. வீட்டில் உள்ள களிம்பின் உறையில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன் ஆகிய பெயர்களுள் ஏதேனும் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு என அறியவும்.

இரும்பு நழுவும்போது: நீரிழிவும் கருப்புப் பூஞ்சையும்

டிரான்ஸ்ஃபெரினின் பிடி ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. இரத்தத்தின் அமிலத்தன்மை கூடினால் அப்பிடி தளர்கிறது. கட்டுப்பாடற்ற நீரிழிவில் இன்சுலின் போதாதபோது, உடல் கொழுப்பை எரித்து ஆற்றல் பெற முயல்கிறது. அப்போது கீட்டோன் அமிலங்கள் இரத்தத்தில் சேர்கின்றன. இந்நிலையில் டிரான்ஸ்ஃபெரின் சுமந்த இரும்பில் ஒரு பகுதி விடுபடுகிறது. சாதாரணமாகக் கெட்டுப்போன ரொட்டியிலும் பழத்திலும் காணப்படும் மியூகோரேலிஸ் இனப் பூஞ்சைகளுக்கு இதுவே வாய்ப்பு. அதே சமயத்தில் மிகைச் சர்க்கரையும் அமிலமும் வெள்ளணுக்களின் செயலையும் மந்தமாக்குகின்றன. மூக்கின் உட்புறம் தங்கிய வித்து முளைத்து, இரத்த நாளங்களுக்குள் புகுந்து அடைத்து, திசுவைக் கருக்கிவிடுகிறது. மக்கள் கருப்புப் பூஞ்சை என்றழைக்கும் மியூகார்மைகோசிஸ் இதுவே. கருப்பாகத் தெரிவது பூஞ்சையின் நிறமன்று; இரத்தம் இன்றி இறந்த திசுவின் நிறம்.

2021ஆம் ஆண்டு கொரோனாவின் இரண்டாம் அலையில் இந்நோய் நாடெங்கும் பெருகியது. தமிழ்நாடு அரசு அவ்வாண்டு மே மாதம் இதனைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. ஜூன் மாத இறுதியில் மத்திய சுகாதார அமைச்சர் வெளியிட்ட விவரத்தின்படி, நாட்டில் 40,845 பேர் பாதிக்கப்பட்டிருந்தனர். 3,129 பேர் இறந்திருந்தனர். பாதிக்கப்பட்டோரில் ஏறத்தாழ 64 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. 53 விழுக்காட்டினர் ஸ்டீராய்டு மருந்து பெற்றிருந்தனர். அவ்வலை ஓய்ந்தது. ஆனால் நோய் ஓயவில்லை. கொரோனாவுக்கு முன்பும் இந்தியாவில் நீரிழிவாளரிடையே அது இருந்தது, இப்போதும் உள்ளது.

எனவே நீரிழிவுள்ள ஒருவரைப் பராமரிப்பவர் இரண்டு நிலைகளைத் தனித்தனியே அறிந்திருக்க வேண்டும். முதலாவது, அமிலம் சேரும் நிலை: தொடர் வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த வேகமான மூச்சு, மூச்சில் பழ வாடை, மயக்க நிலை. காய்ச்சலின்போது 'சாப்பிடவில்லையே' என்று இன்சுலினைத் தாமாக நிறுத்துவதால் இந்நிலை அடிக்கடி நேர்கிறது. மலைத்தோட்டத்தில் தங்கி வேலை செய்வோர், இன்சுலின் தீர்ந்துபோய்க் கீழே இறங்கும் நாள்வரை காத்திருப்பதும் ஒரு காரணம். இரண்டாவது, பூஞ்சை புகுந்த நிலை: முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் வலி அல்லது மரத்துப்போதல், ஒரு பக்க மூக்கடைப்பும் கருமையான சளியும், கண்ணைச் சுற்றி வீக்கம், இரட்டைப் பார்வை, மேல்தாடைப் பற்கள் ஆடுதல், அண்ணத்தில் கருநிறத் திட்டு. இவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். இரவானாலும் காத்திருக்க வேண்டாம். ஆம்போடெரிசின் பி மருந்தும் அறுவை சிகிச்சையும் சர்க்கரைக் கட்டுப்பாடும் ஒருசேரத் தேவைப்படும் நோய் இது. பாதிக்கப்பட்ட திசுவை அகற்றும் அறுவை ஒரு நாள் தள்ளிப்போனாலும் கண்ணை இழக்கும் வாய்ப்பு கூடுகிறது.

இவ்விடத்தில் எழும் ஒரு கேள்விக்கு விடை கூறுவது அவசியம். 'பூஞ்சைக்கு இரும்பு உணவு என்றால், இரத்தசோகைக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடலாமா?' நிறுத்த வேண்டாம். தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்களிடையே இரத்தசோகை ஒரு பெரும் நலப் பிரச்சினை. நீங்கள் விழுங்கும் மாத்திரையின் இரும்பை டிரான்ஸ்ஃபெரின் எளிதாகப் பற்றிக்கொள்கிறது; அதற்கான காலியிடம் இரத்தசோகை உள்ளவரிடம் இன்னும் மிகுதி. கவனம் தேவைப்படுவது வேறு ஒரு பிரிவினருக்கு. தலசீமியா போன்ற நோய்களுக்காக அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்வோருக்கு உடலில் இரும்பு மிகுந்துவிடும். அதனை நீக்கத் தரப்படும் டெஃபெராக்சமின் என்னும் பழைய மருந்திலிருந்து மியூகோரேலிஸ் பூஞ்சைகள் இரும்பை உறிஞ்ச வல்லவை. அம்மருந்தைப் பெறுவோர் அதைத் தாமாக நிறுத்தாமல், காய்ச்சலோ முகவலியோ வந்தால் மருத்துவரிடம் அம்மருந்தின் பெயரை முதலிலேயே கூற வேண்டும்.

ஆல்புமின் குறைந்தால்

ஆல்புமினின் இயல்பான அளவு டெசிலிட்டருக்கு 3.5 முதல் 5 கிராம் வரை. நீண்ட காலமாக மருத்துவர்கள் இதனை ஊட்டச்சத்தின் அளவுகோலாகவும், இரத்த நாளங்களுக்குள் நீரைத் தக்கவைக்கும் புரதமாகவும் மட்டுமே கருதிவந்தனர். தீவிரப் பூஞ்சைத் தொற்றுள்ளவர்களில் ஆல்புமின் குறைந்தோர் இறக்கும் வாய்ப்பு மிகுதி என்பது முன்பே தெரிந்திருந்தது. அது நோயின் விளைவு என்றே எண்ணப்பட்டது.

கிரேக்க நாட்டின் கிரீட் தீவிலுள்ள ஆய்வாளர்கள் வழிநடத்திய அண்மைய ஆய்வு, இவ்வெண்ணத்தை மாற்றியுள்ளது. நலமுள்ளவரின் இரத்த நீர்மத்தில் மியூகோரேலிஸ் வளர்வதில்லை. அதிலிருந்து ஆல்புமினை நீக்கினால் வளர்கிறது. ஆல்புமின் தன்மேல் சுமந்து செல்லும் கொழுப்பு அமிலங்களே பூஞ்சையை அடக்குகின்றன; ஆல்புமின் அவற்றைக் கெடாமல் காக்கிறது. ஆல்புமின் அற்ற எலிகள் இந்நோய்க்கு எளிதில் இரையாயின. அதாவது ஆல்புமின் நோயின் சாட்சி மட்டுமன்று. நோயைத் தடுக்கும் காவலருள் ஒருவர்.

இச்செய்தி ஊடகங்களில் வந்தபின், உறவினர்கள் 'ஆல்புமின் பாட்டில்' ஏற்றச் சொல்லி வற்புறுத்தும் நிலை உருவாகலாம். ஆல்புமின் ஏற்றினால் கருப்புப் பூஞ்சை குணமாகும் என்பது நோயாளிகளிடம் இன்னும் நிறுவப்படவில்லை. இம்மருந்து விலை மிகுந்தது. இதய, சிறுநீரக நோயுள்ளோருக்கு நீர்மச் சுமையை உண்டாக்கக் கூடியது. கடன் வாங்கி அதனை வாங்குவதற்கு முன், பூஞ்சைக்கொல்லி மருந்து தொடங்கப்பட்டுவிட்டதா, அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டதா என்று கேட்பதே குடும்பத்தினர் செய்ய வேண்டியது.

உணவால் ஆல்புமினை உயர்த்த முடியுமா என்பதும் வழக்கமான கேள்வி. பகுதியளவே முடியும். தீவிரத் தொற்றின்போது கல்லீரல் ஆல்புமின் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டு, சிஆர்பி போன்ற அவசரகாலப் புரதங்களை உருவாக்கத் தலைப்படுகிறது. இரத்த நாளங்களிலிருந்தும் ஆல்புமின் கசிகிறது. அந்நேரத்தில் நாளுக்குப் பத்து முட்டை வெள்ளைக்கரு தந்தாலும் அளவு உடனே ஏறாது. தொற்று அடங்கினால் மெல்ல ஏறும். இருப்பினும் போதிய உணவின்றி மெலிந்தவருக்கு முட்டை, பயறு, பால், மீன், வேர்க்கடலை ஆகியவை கட்டாயம் தேவை. சிறுநீரக நோயுள்ளவருக்கு மட்டும் புரத அளவை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். டப்பாவில் விற்கும் புரதத் தூளுக்கு இதில் தனிச் சிறப்பு எதுவும் இல்லை.

கருவிழி: இரத்தம் எட்டாத இடம்

போடிப் பகுதியினருக்கு இப்பக்கத்தின் மற்றெல்லாப் பகுதிகளையும்விட இப்பகுதி முக்கியமானது. ஏலச்செடியின் இலை முனையோ, சருகு நீக்கும்போது தெறிக்கும் துணுக்கோ, மிளகுக்கொடியின் குச்சியோ கண்ணில் அடிப்பது இங்கு அன்றாட நிகழ்ச்சி. அவ்வடியுடன் பியூசேரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் ஆகிய பூஞ்சைகளின் வித்துகளும் கருவிழிக்குள் செல்லலாம்.

போடி, மதுரை மாவட்டத்தின் பகுதியாக இருந்த காலத்தில், 1993ஆம் ஆண்டுக்கான கணக்கெடுப்பு ஒன்று அம்மாவட்டத்தில் ஒரு லட்சம் பேருக்கு ஆண்டொன்றுக்கு 113 பேர் கருவிழிப் புண்ணுக்கு ஆளாவதாகக் காட்டியது. 1994ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணுடன் வந்த 434 பேரை ஆராய்ந்தபோது, அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் கண்ணில் அடிபட்டவர்கள். கிருமி வளர்ந்து உறுதியானவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குக் காரணம் பூஞ்சை. குளிர்நாடுகளில் இந்நோய் அரிது. உழைப்பவரின் நோய் இது. அதுவும் குடும்பத்தின் வருமானத்தைச் சுமக்கும் வயதினரின் நோய்.

கருவிழியில் பூஞ்சை இத்தனை வலிமை பெறுவதற்கு ஒரு காரணம் அதன் அமைப்பு. ஒளி ஊடுருவ வேண்டியிருப்பதால் கருவிழியில் இரத்த நாளங்களே இல்லை. தோலில் படர்தாமரையைத் தடுத்து நிறுத்தும் இரத்த நீர்மம் இங்கு உடனே வந்து சேர்வதில்லை. கருவிழியின் விளிம்பில் உள்ள நாளங்கள் விரிந்து, அவற்றிலிருந்து புரதங்களும் வெள்ளணுக்களும் கசிந்து நடுப்பகுதியை அடைய வேண்டும். கண் சிவப்பது அவ்விரிவின் அடையாளமே.

வந்து சேரும் புரதங்களில் முதன்மையானவை நிரப்புப் புரதங்கள். அவற்றுள் சி3 என்பது பூஞ்சையின் சுவரில் ஒட்டி, 'இதனை அழிக்க' என்று வெள்ளணுக்களுக்கு அடையாளம் காட்டுகிறது. அதிலிருந்தும் அதன் துணைப் புரதமான சி5இலிருந்தும் உடையும் சிறு துண்டுகள், நியூட்ரோபில் எனப்படும் வெள்ளணுக்களை அழைக்கும் மணியாகின்றன. இன்டர்லூகின்-17 என்னும் புரதமும் நியூட்ரோபில்களைத் திரட்டுகிறது. தென்னிந்தியாவில் பூஞ்சைக் கருவிழிப் புண் உள்ளோரின் இரத்த நியூட்ரோபில்களிலும், இப்பகுதியில் வாழும் நலமுள்ளோரின் நியூட்ரோபில்களிலும் இப்புரதத்தை மதுரை அரவிந்த் ஆய்வாளர்கள் அமெரிக்க அறிவியலாளர்களுடன் சேர்ந்து ஆராய்ந்து 2015இல் வெளியிட்டனர். இப்புரதத்தின் முக்கியத்துவத்துக்கு வேறொரு சான்றும் உண்டு: சோரியாசிஸ் நோய்க்காக இன்டர்லூகின்-17ஐத் தடுக்கும் ஊசி போட்டுக்கொள்வோரில் சிலருக்கு வாயில் வெண்பூஞ்சை தோன்றுகிறது.

ஆனால் இப்படையெடுப்புக்கு விலை உண்டு. நியூட்ரோபில்கள் பூஞ்சையைக் கொல்ல உமிழும் நொதிகள் கருவிழியின் இழைகளையும் கரைக்கின்றன. பூஞ்சை அழிந்த பின்னும் வெண்தழும்பு எஞ்சுவது இதனால்தான். படையெடுப்பு குறைந்தால் பூஞ்சை கண்ணுக்குள் ஊடுருவும். மிகுந்தால் கருவிழி கரையும். இந்த இடைவெளியில்தான் மருத்துவர் செயல்பட வேண்டியுள்ளது. எனவேதான் முதல் சில நாள்கள் இத்தனை மதிப்புடையவை.

சிவப்பையும் வலியையும் குறைக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தைக் கடையில் வாங்கி ஊற்றுவது, உதவிக்கு வரும் வெள்ளணுக்களைப் பாதி வழியில் திருப்பி அனுப்புவதற்கு ஒப்பாகும். கண் வெளுத்து நலமானதுபோல் தோன்றும். பூஞ்சை அடியில் பரவும். பக்கத்து வீட்டாருக்கு எழுதிக்கொடுத்த சொட்டு மருந்தும் இதில் அடங்கும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு ஆகியவற்றையும் ஊற்ற வேண்டாம். நல்லெண்ணத்தில் செய்யப்படுபவையே ஆயினும் அவை புதிய கிருமிகளைச் சேர்க்கின்றன, வருகையைத் தாமதப்படுத்துகின்றன.

இலை அடித்த உடன் தூய நீரால் கண்ணைக் கழுவுங்கள், கசக்காதீர்கள், அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திலோ போடி அரசு மருத்துவமனையிலோ காட்டுங்கள். கருவிழியில் சிராய்ப்பு மட்டும் இருக்கும் நிலையில் மூன்று நாள் களிம்பிட்டாலே புண்ணாக மாறுவதைத் தடுக்க முடியும் என்பது மதுரை மாவட்டக் கிராமங்களில் நடந்த ஆய்வில் காணப்பட்டது. கருவிழியில் வெண்புள்ளி தெரிந்தாலோ, வெளிச்சம் பார்க்கக் கூசினாலோ, பார்வை மங்கினாலோ சிராய்ப்பின் கட்டம் கடந்துவிட்டது. தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற, கண் மருத்துவரும் ஆய்வகமும் உள்ள இடத்துக்குச் செல்ல வேண்டும். அங்கு புண்ணைச் சுரண்டி நுண்நோக்கியில் பார்ப்பர். பூஞ்சை உறுதியானால் நேட்டாமைசின் சொட்டு மருந்து தரப்படும். மதுரை உள்ளிட்ட அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் நடத்தி 2013இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், விலை மிகுந்த வோரிகொனசோல் சொட்டைவிட நேட்டாமைசினே சிறந்த பயன் தந்தது, சிறப்பாகப் பியூசேரியம் தொற்றில். தொடக்கத்தில் மணிக்கொருமுறை ஊற்ற வேண்டியிருக்கும். குணமடையப் பல வாரங்கள் ஆகும். வேலைக்குத் திரும்பும் அவசரத்தில் சொட்டு மருந்தை இடையில் நிறுத்துவோரே மீண்டும் கண் மோசமாகி வருகின்றனர். இதனைக் குறையாகச் சொல்லவில்லை. நாட்கூலியை இழந்து வீட்டில் இருப்பதன் சுமை தெரிந்ததே. குடும்பத்தினர் அந்த வாரங்களுக்கு முன்கூட்டியே திட்டமிடுவது உதவும்.

எதிர்ப்பொருள் மிகுந்தால் வரும் நோய்

எதிர்ப்பொருள் என்றால் நன்மை என்றே எண்ணுகிறோம். பூஞ்சை நோய்களில் அது எப்போதும் பொருந்துவதில்லை. ஆஸ்துமா உள்ள சிலரின் மூச்சுக்குழலில் ஆஸ்பெர்ஜில்லஸ் வித்துகள் தங்கும்போது, உடல் ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருளை அளவுக்கு மீறி உருவாக்குகிறது. பூஞ்சை திசுவைத் துளைப்பதில்லை. எதிர்ப்பின் மிகைதான் மூச்சுக்குழலைச் சிதைக்கிறது. இன்ஹேலரை முறையாகப் பயன்படுத்தியும் அடங்காத ஆஸ்துமா, பழுப்பு நிறக் கட்டிச்சளி, எக்ஸ்ரேயில் இடம்மாறித் தோன்றும் நிழல்கள் ஆகியவை இதன் அறிகுறிகள். இத்தகையோர் காசநோய்க்கான மருந்தைத் தேவையின்றி உட்கொண்டு மாதங்களைக் கழிப்பதும் உண்டு.

மொத்த ஐஜிஇ 500 அலகுக்கு மேல் இருப்பது இந்நோயைக் கண்டறியும் அளவுகோல்களுள் ஒன்று. ஆனால் அந்த எண்ணைத் தனியே வைத்து முடிவு செய்ய முடியாது. குடற்புழுவாலும் ஐஜிஇ உயரும். வெறுங்காலுடன் ஈரமண்ணில் நடப்போரிடம் குடற்புழு அரிதன்று. ஆகவே ஆஸ்பெர்ஜில்லசுக்கு எதிரான தனி ஐஜிஇ பரிசோதனை முதலில் தேவை. இந்நோய்க்கு ஸ்டீராய்டு மாத்திரையே முக்கிய மருந்துகளுள் ஒன்று என்பதையும் குறிப்பிட வேண்டும். மேலே ஸ்டீராய்டைப் பற்றிக் கூறிய எச்சரிக்கைகளைப் படித்துவிட்டு, மருத்துவர் தந்த ஸ்டீராய்டை நிறுத்திவிடாதீர்கள். எதிர்ப்பு போதாத நோயில் அது கேடு. எதிர்ப்பு மிகுந்த நோயில் அது மருந்து.

மதுரையின் பெயர் தாங்கிய நோய்

காலில் வலியற்ற வீக்கம், அதில் பல துளைகள், துளைகளின் வழியே கடுகு போன்ற மணிகள் வெளியேறுதல் ஆகியவை மைசிட்டோமாவின் அடையாளங்கள். 1842இல் ஜான் கில் என்னும் மருத்துவர் மதுரையில் இதனை விவரித்ததால் உலக மருத்துவ நூல்கள் இதனை இன்றும் 'மதுரைப் பாதம்' என்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2016இல் இதனைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. நிரப்புப் புரதங்கள் வெள்ளணுக்களை அம்மணிகளைச் சுற்றிக் கூட்டுகின்றன. ஆனால் விழுங்க இயலாத அளவுக்கு அம்மணிகள் பெரியவை, இறுகியவை. போர் ஆண்டுக்கணக்கில் முடிவின்றி நீடிக்கிறது. பூஞ்சையால் வருவதும் பாக்டீரியாவால் வருவதும் உண்டு; மருந்துகள் வெவ்வேறு. ஆகவே மணியைப் பரிசோதிக்காமல் மருந்து தொடங்கக் கூடாது. மூடிய காலணி அணிவது முள் குத்துவதைத் தடுக்கும்.

பரிசோதனை அறிக்கையைப் படிக்கும்போது

சிஆர்பி உயர்ந்திருப்பது உடலில் எங்கோ அழற்சி உள்ளது என்பதை மட்டுமே காட்டும். பூஞ்சையா பாக்டீரியாவா என்று சொல்லாது. ஃபெரிட்டின் இரும்பின் சேமிப்பைக் காட்டும் புரதம் என்றாலும் தொற்றின்போது அதுவும் உயரும். அப்போது அதனை 'இரும்பு மிகுதி' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கேலக்டோமன்னன், பீட்டா குளுக்கன் என்பவை நம் புரதங்கள் அல்ல. பூஞ்சைச் சுவரின் பொருள்கள். கருப்புப் பூஞ்சையில் இவ்விரண்டும் பெரும்பாலும் உயர்வதில்லை. ஆகவே இப்பரிசோதனை 'இல்லை' என்று வந்ததால் அந்நோய் இல்லை என்று கருதி வீடு திரும்ப வேண்டாம். இட்ராகொனசோல் மாத்திரை இரத்தத்தில் ஏறத்தாழ முழுவதும் ஆல்புமின் உள்ளிட்ட புரதங்களில் ஒட்டியே செல்கிறது. வேறு பல மருந்துகளின் அளவையும் அது மாற்றும். இரத்த அழுத்தம், கொழுப்பு, இதயம் ஆகியவற்றுக்கான மாத்திரைகளை உட்கொள்வோர் அவற்றை மருத்துவரிடம் காட்டிய பின்னரே இதனைத் தொடங்க வேண்டும். இதன் காப்சூலை உணவுடன் உட்கொள்ளவும். அமிலத்தன்மையைக் குறைக்கும் மாத்திரையுடன் சேர்த்து உட்கொண்டால் உடலில் சரியாக ஏறாது.

மருத்துவமனைக்கு வரும்போது இதுவரை பூசிய களிம்பு, ஊற்றிய சொட்டு மருந்து, விழுங்கிய மாத்திரை ஆகியவற்றின் உறைகளை அப்படியே எடுத்து வாருங்கள். காலியான குப்பியும் பயன்படும். நீரிழிவு, ஆஸ்துமா, இரத்தம் ஏற்றிய விவரம், உறுப்பு மாற்று, புற்றுநோய் சிகிச்சை ஆகியவற்றைக் கேட்கும் முன்பே கூறுங்கள். எந்தத் தோட்டத்தில், எந்த வேலையின்போது, எந்த நாளில் அடிபட்டது என்பதும் நோயைக் கண்டறிய உதவும். நீரிழிவு மருந்து தொடர்ந்து கிடைப்பதற்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டப் பணியாளரிடம் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். மலையில் தங்கி வேலை செய்வோர், தங்கும் நாள்களைக் கணக்கிட்டு அதற்கு மேல் ஒரு வாரத்துக்கான மருந்தையும் உடன் கொண்டு செல்ல வேண்டும். ஐயங்களுக்கு 104 என்ற எண்ணையும், அவசர ஊர்திக்கு 108 என்ற எண்ணையும் அழைக்கவும்.